பாறைக்குப் பெயர் கேட்கப் போகிறவர்களுக்கு: ஸ்காட்லாந்துக் கரையோரக் கேலிக் பெயர்களைப் பதியும் முறை

ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவின் கரையை இன்றைய வரைபடத்தில் எடுத்துப் பாருங்கள். பெரிய முனைக்கும் வளைகுடாவுக்கும் பெயர் போட்டிருக்கும். நடுவில் நீளத்துக்கு வெறும் கோடு. அதே கரையில் பிறந்து, சின்ன வயதில் தூண்டிலோடு பாறைக்குப் பாறை தாவிய ஒருவரை அழைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் நடந்தால் கதையே வேறு. படகு ஏற்றிய கல்லுக்கு ஒரு பெயர், ஆடு தவறி விழும் பிளவுக்கு ஒரு பெயர், கடல் நன்றாக வற்றினால் மட்டும் தலைகாட்டும் பாறைக்கு ஒரு பெயர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். எல்லாம் கேலிக் மொழியில். (உள்ளூரில் ‘காலிக்’ என்பதுதான் உச்சரிப்பு, தமிழில் பழகிப்போன வடிவத்தையே இங்கே எழுதுகிறேன்.)

இவை வேலைக்காக வைத்த பெயர்கள். பாறைமேல் நின்று மீன்பிடிப்பதும், கடற்பாசியை அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவதும் குறைந்த பிறகு, அந்தப் பெயர்களைச் சொல்லவேண்டிய சந்தர்ப்பமும் குறைந்துவிட்டது. மொழியும் சுருங்கி வருகிறது. லூயிஸ் அடங்கிய மேற்குத் தீவுகளிலேயே கேலிக் பேசுகிறவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டதை 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. அதனால்தான் ஊர் வரலாற்றுச் சங்கங்களும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் தன்னார்வலர்களும் இந்தப் பெயர்களைச் சேகரித்து, பழைய வரைபடங்களின் மேல் பொருத்தி வைக்கிறார்கள்.

கேலிக் தெரியாமல் இந்த வேலைக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கானது இந்தக் கட்டுரை. ஸ்காட்லாந்தில் படிக்கப் போனவராக இருக்கலாம், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் தயாரிக்கும்) வேலை தெரிந்ததால் யாரோ உதவிக்குக் கூப்பிட்டிருக்கலாம். உள்நாட்டு ஊர்ப்பெயர் சேகரிப்புக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கரையில் பெயர் மட்டும் போதாது. கடல் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா, சொன்னவர் அந்த இடத்தைக் கரையிலிருந்து அறிந்தவரா படகிலிருந்து அறிந்தவரா, அவர் வாயிலிருந்து வந்த ஒலி என்ன? இந்த மூன்றும் இல்லாத பதிவு பாதிப் பதிவுதான். எழுத்துப் பிழை திருத்துவது, பொருள் சொல்வது எல்லாம் கடைசி வேலை. புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் பதினைந்து சொற்கள்

முழு மொழியும் கற்ற பிறகுதான் போகவேண்டும் என்றில்லை. கரையோரப் பெயர்களில் முதற்பகுதி பெரும்பாலும் இடத்தின் வகையைச் சொல்லும். அந்த வகைச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டால், சொல்லக் கேட்டதுமே எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பிடிபடும்.

‘ரூஅ’ என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. ‘ஸ்கெர்’ என்பது கடலில் தனியாக நிற்கும் பாறை; சில எப்போதும் வெளியே தெரியும், சில ஏற்றத்தில் மூழ்கும். ‘போஅ’ அப்படியல்ல, நீருக்கடியிலேயே கிடந்து மேலே அலையை உடைக்கும் பாறை. நம் மீனவர்கள் ‘பார்’ என்று ஒரு சொல் சொல்வார்களே, கிட்டத்தட்ட அது. ‘கியோஅ’ என்பது செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே கடல் குடைந்துகொண்டு உள்ளே வரும் ஒடுங்கிய பிளவு. லூயிஸ் கரையில் இது எண்ணிலடங்காது. ‘த்ராய்’ மணற்கரை, ‘மொல்’ கூழாங்கல் கரை. ‘ஓப்’, ‘கமஸ்’ இரண்டும் கடல் உள்வாங்கிய வளைவுகள். ‘கூலஸ்’ இரு நிலங்களுக்கு இடைப்பட்ட நீரிணை. ‘எலன்’ தீவு. ‘ஸ்டாக்’ கரையிலிருந்து பிரிந்து தூணாக நிற்கும் பாறை. ‘லெக்’ தட்டையான பாறைப் பலகை. ‘கர்ரிக்’ என்று சொன்னால் பொதுவாக நின்று தூண்டில் போட ஏற்ற பாறை. ‘காரி’ என்பது ஓதத்தோடு (கடல் ஏறி இறங்குவதோடு) வரும் மீனை மறிக்கக் கல்லடுக்கிக் கட்டிய சுவர். இடிந்து கிடந்தாலும் வரிசையாகக் கிடக்கும் கற்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ‘ஸ்ரூ’ நீரோட்டம்.

இவற்றில் கியோஅ, போஅ, ஓப், மொல், ஸ்கெர், ஸ்டாக் எல்லாம் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து கேலிக்குக்குள் வந்து தங்கியவை. நார்ஸ்காரர்கள் கடலோடிகள்; கடலோரச் சொல் அவர்களிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. இதனால் ஒரே பெயருக்குள் இரண்டு மொழி அடுக்குகள் இருக்கும். தீவின் வடகோடி முனையை ஆங்கில வரைபடம் ‘பட் ஆஃப் லூயிஸ்’ என்கிறது. கேலிக்கில் அது ‘ரூஅ ரொவனிஷ்’. ரொவனிஷின் கடைசியில் இருக்கும் ‘னிஷ்’ நார்ஸில் முனையைக் குறிப்பது. அதன் பொருள் மறந்துபோன பிறகு கேலிக்காரர்கள் முன்னால் இன்னொரு ‘முனை’யைச் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்து அழுத்தம். இதைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கேலிக் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழும். பல சொல் சேர்ந்த பெயரில் அது வகைச்சொல்லில் விழாமல், அதை விவரிக்கும் சொல்லுக்குப் போகும். ‘ஸ்கெர் நன் ரோன்’, அதாவது சீல்களின் (கடல்நாய்களின்) பாறை என்று சொல்லும்போது ‘ரோன்’ ஓங்கி ஒலிக்கும். நார்ஸ் வழி வந்த ஒற்றைச் சொல் பெயர்களில் விவரிக்கும் பகுதி முன்னால் இருப்பதால் அழுத்தமும் முன்னால் வரும். ‘ரொவனிஷ்’ என்பதில் ‘ரொ’தான் ஓங்கும். எழுத்தில் இது எதுவும் தெரியாது. பெயர் எந்த மொழியில் கட்டப்பட்டது என்பதற்குக் காதுக்குக் கிடைக்கும் முதல் சான்று இதுதான்.

வீட்டிலேயே முடிக்கவேண்டிய பாடம்

கரைக்குப் போவதற்கு முன் பழைய வரைபடங்களைப் பார்த்துவிட வேண்டும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தில் இவை இலவசம். பழைய தாளையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு.

முதன்மையானது பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆறு அங்குல வரைபடம். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம், அதாவது 1:10,560. லூயிஸ் தீவை 1848-க்கும் 1852-க்கும் இடையில் அளந்தார்கள். அதோடு ‘பெயர்ப் புத்தகங்கள்’ என்று கையெழுத்தில் எழுதிய பதிவேடுகள் உண்டு. ஸ்காட்லண்ட்ஸ்பிளேசஸ் என்ற தளத்தில் இவற்றின் பக்கங்களைப் படமாகவே பார்க்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து பத்திகள்: வரைபடத்தில் எழுதிய வடிவம், மற்ற எழுத்து வடிவங்கள், அந்த வடிவத்துக்குச் சாட்சி யார், எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது. முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். விஷயம் இருப்பது மூன்றாவதில். நில உடைமையாளர், எஸ்டேட் நிர்வாகி, பாதிரியார் போன்றோரின் சொல்லுக்கு முன்னுரிமை தருவது அன்றைய வழக்கம். பாறையில் தூண்டில் போட்டவருக்கும் அலுவலக மேசையில் இருந்தவருக்கும் அந்தப் பாறையின் பெயர் ஒன்றாகவே தெரிந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை. தளத்தில் தட்டச்சு செய்து வைத்திருப்பது தன்னார்வலர்களின் வேலை. நல்ல வேலைதான், ஆனாலும் சந்தேகம் வந்தால் கையெழுத்துப் படத்தையே பாருங்கள்.

கடற்படையின் கடல்வழி வரைபடங்கள் இரண்டாவது மூலம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கேப்டன் ஆட்டர், கேப்டன் எஃப். டபிள்யூ. எல். தாமஸ் போன்ற கடற்படை அளவையாளர்கள் இந்தத் தீவுகளைச் சுற்றி ஆழம் பார்த்தார்கள். தாமஸுக்குத் தீவுகளின் நார்ஸ் பெயர்களில் தனி ஆர்வமே இருந்தது. நிலத்து வரைபடத்தில் இல்லாத போஅக்களின் பெயர்கள் இங்கே கிடைக்கும், கப்பலுக்கு ஆபத்து அவைதானே. தெற்குத் தீவுகளுக்கு இன்னொரு மூலமும் உண்டு. கேலிக் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த அலெக்சாண்டர் கார்மைக்கேல் 1870-களில் அங்கே சர்வேக்காரர்களுக்காகப் பெயர் சேகரித்திருக்கிறார்.

வரைபடம் அச்சாகிவிட்டால் அதற்கு ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. மேற்கே தொலைவில் கடலில் இருக்கும் தீவை உலகம் ‘செயின்ட் கில்டா’ என்று அழைக்கிறது. அப்படி ஒரு புனிதர் இருந்ததற்குச் சான்றே இல்லை. கேலிக்கில் அது ‘ஹிர்ஷ்ட்’. புனிதர் பட்டம் கொடுத்தது கடல்வழி வரைபடம்தான். எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. லூயிஸுக்குத் தெற்கே அதை ஒட்டிய ஹாரிஸில் ‘அன் டோப்’, அதாவது ‘அந்த வளைகுடா’ என்று ஓர் ஊர். சோப்பு முதலாளி லீவர்ஹியூம் பிரபு (நம்மூர் ஹிந்துஸ்தான் லீவரின் அதே லீவர்) ஹாரிஸை விலைக்கு வாங்கிய பிறகு, 1920 வாக்கில் அந்த ஊர் லீவர்பர்க் ஆனது. பிரபு 1925-இல் இறந்துபோனார், அவர் தொடங்கிய மீன்பிடித் திட்டமும் நின்றது. ஆங்கில வரைபடத்தில் புதுப்பெயர் தங்கிவிட்டது. கேலிக் பேச்சில் இன்றும் அன் டோப்தான். ஆகவே அச்சிட்ட வடிவம் ஒரு சாட்சி, அவ்வளவே. தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயரைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. ‘ரூஅ’வைப் பழைய வரைபடங்கள் நடுவில் ‘டி-எச்’ போட்டு எழுதின. இன்றைய முறையில் ‘பி-எச்’. ஒலி ஒன்றேதான். ‘ஸ்கெர்’ருக்கு நடுவே ‘ஜி’யும் வரும், ‘கே’யும் வரும். எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

ஓதம் பார்த்துக் கிளம்புவது

லூயிஸின் முக்கிய ஊரான ஸ்டோர்னோவேயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 4 மீட்டர் வித்தியாசம். காலையில் பார்த்த கரை மதியம் வேறு கரை. பாதிப் பெயர்கள் நீருக்கடியில் இருக்கும்போது போய் நின்றுகொண்டு, “இங்கே ஒன்றுமே இல்லையே” என்று கேட்பதில் அர்த்தமில்லை. பெரிய ஓத நாட்களில் இந்தப் பக்கம் வற்றம் நண்பகலை ஒட்டி வரும். வெளிச்சமும் இருக்கும், வேலைக்குத் தோது. வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் இறங்க இறங்க ஒவ்வொரு பாறையாக வெளியே வரும், கூட வந்தவருக்குப் பெயரும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். வீட்டுக்குள் உட்கார்ந்து வரைபடத்தை விரித்துக் கேட்டால் வராத பெயர்கள் இவை.

வரைபடம் பற்றி இன்னொரு தகவல். ஸ்காட்லாந்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே காட்டும் ஏற்ற, வற்றக் கோடுகள் பெரிய ஓதத்தின் சராசரிக் கோடுகள். இங்கிலாந்தில் எல்லா ஓதங்களின் சராசரி. கடல்வழி வரைபடம் ஆழத்தை அளக்கத் தொடங்கும் அடிமட்டம் இந்த இரண்டிலிருந்தும் வேறு. ஒரே பாறை ஒன்றில் காய்ந்தும் இன்னொன்றில் மூழ்கியும் தெரிந்தால் இரண்டு பாறை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நடந்து போக யாரிடமும் அனுமதி கேட்கவேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு நடப்பவருக்குக் கரை உட்பட நிலத்தில் செல்லும் உரிமை தருகிறது. பறவைகள் முட்டையிடும் காலத்தில் பாறைச் சரிவுகளை விட்டு விலகி நில்லுங்கள். கியோஅவின் விளிம்பில் புல் நனைந்திருந்தால் அருகே போகவே வேண்டாம், பெயர் தள்ளி நின்று கேட்டாலும் கிடைக்கும். தனியாகப் போகாதீர்கள்.

கேட்கும் முறை

பெரியவர்களிடம் பேசும்போது ‘ஷிவ்’ போடவேண்டும். ‘ஊ’ என்பது ஒருமை. நமக்கு நீங்கள், நீ பழக்கம் என்பதால் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ‘ஜே அன் தெனெம் அ ஹெர் ஷோ?’ என்றால் இதற்கு என்ன பெயர் என்று கேட்பது. உச்சரிப்பு தடுமாறினாலும் கேலிக்கில் கேட்டால் பதிலும் கேலிக்கில் வரும். ஆங்கிலத்தில் கேட்டால் பெயரை ஆங்கில நாக்குக்கு வளைத்துச் சொல்லிவிடுவார்கள், மரியாதைக்காகத்தான். அந்த வளைந்த ஒலி உங்கள் பதிவில் ஏறிவிடும்.

பெயரை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால் போதாது. “அங்கே போகிறேன்”, “அங்கே மீன் பிடித்தேன்” என்று வாக்கியத்திலும் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கேலிக்கில் சொல்லின் முதல் மெய்யே இடத்துக்கு ஏற்ப மாறும். பெரியது என்ற பொருளில் வரும் ‘மோர்’, சில சூழலில் ‘வோர்’ ஆகிவிடும். சிறியது என்ற ‘பெக்’, ‘வெக்’ ஆகும். “அங்கே இருந்தேன்” என்ற பேச்சில் மட்டும் கேட்டு எழுதிக்கொண்டால், மாறிய வடிவத்தையே மூலப்பெயர் என்று பதிந்துவிடுவீர்கள். பழைய வரைபடங்களிலும் இந்தக் குளறுபடி உண்டு.

ஒலிப்பதிவு கட்டாயம். கைபேசி போதும், ஆனால் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு வடிவில் பதியுங்கள்; சுருக்கிய வடிவத்தில் மெல்லிய மூச்சொலிகள் அடிபடும். அந்தக் கரையில் காற்று ஓயாது. மைக்குக்கு மயிரடர்ந்த காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து கேட்கும்போது காற்று மட்டும்தான் பேசும். கரையில் ஒரு தடவை, பிறகு வாசலிலோ அடுப்படியிலோ அமைதியாக ஒரு தடவை என்று இரண்டு முறை பதிவது நல்லது. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் தேதி, இடம், ஓதத்தின் நிலை மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒலியை எழுதுவதற்குப் பன்னாட்டு ஒலியெழுத்து பழகிக்கொள்ளுங்கள். நினைவுக்காகத் தமிழில் குறித்துக்கொள்ளலாம், நானும் அதைத்தான் செய்கிறேன். அதைப் பதிவாகக் கொடுக்க முடியாது. தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு லாபமும் ஒரு நட்டமும் இருக்கின்றன. பல்லில் நாக்கு படும் ‘த’, அண்ணத்தில் படும் ‘ஞ’ போன்ற ஒலி, ஒன்றுக்கு மேற்பட்ட ல-கரங்கள், ன-கரங்கள் எல்லாம் கேலிக்கில் உண்டு. ஆங்கிலக்காரர் ஒன்றாகக் கேட்பதை நாம் இரண்டாகக் கேட்போம். ஆனால் கேலிக்கின் இருவகை வல்லினங்களைப் பிரிப்பது மூச்சு. ஒன்றில் காற்று பலமாக வரும், மற்றதில் வராது. தமிழில் அந்த வேறுபாடு இல்லாததால் நாம் அதைச் சர்வசாதாரணமாகத் தவறவிடுவோம். ஒலிப்பதிவை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பக் கேட்பதைத் தவிர வழியில்லை.

யாரிடம் கேட்பது? கரையில் ஆடு மேய்த்தவர், பாறைமேல் தூண்டில் போட்டவர், படகில் போனவர் மூவருக்கும் தெரிந்த பெயர்கள் வேறு வேறு. படகுக்காரருக்குப் பாறையின் கடற்பக்கம் முக்கியம். கரைக்காரருக்கு அதில் ஏறும் வழி. பெண்களை விட்டுவிடாதீர்கள். சிப்பி பொறுக்கியது, பாசி அள்ளியது, சிறுவர்களைக் கரைக்குக் கூட்டிப்போனது எல்லாம் அவர்கள். சின்னச் சின்னக் கற்களின் பெயர் அவர்களிடம் இருக்கும்.

நிலத்தில் ஒரு பேச்சு, கடலில் ஒரு பேச்சு என்பது இங்கே பழைய வழக்கம். ஸ்கை தீவுக்காரரான மார்ட்டின் மார்ட்டின் 1703-இல் அச்சான தம் நூலில் இதை எழுதியிருக்கிறார். லூயிஸ்காரர்கள் பறவை பிடிக்க ஃபிளானன் தீவுகளுக்குப் போனால் சில சொற்களை வாயால் சொல்லக்கூடாதாம். ஹிர்ஷ்டை அந்தப் பெயரால் சொல்லாமல் ‘உயர்ந்த நாடு’ என்பார்கள். பாறையைப் பாறை என்னாமல் ‘கடினம்’ என்றும், கரையைக் கரை என்னாமல் ‘குகை’ என்றும் சொல்வார்களாம். இது தெரியாமல் பெயர் சேகரித்தால், ஒரே இடத்தின் கரைப்பெயரையும் கடற்பெயரையும் இரண்டு தனி இடங்களாகவோ, ஒன்றின் பிழை வடிவமாகவோ எழுதிவிடுவோம். ஒரே பாறைக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் யார், எப்போது சொன்னார்கள் என்ற குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்கிடைக்கும் இடங்களை இரண்டு கரை அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அந்த அடையாளங்கள் குடும்பச் சொத்து மாதிரி. சொல்ல மறுத்தால் விட்டுவிடுங்கள். சொன்னாலும், வெளியிடலாமா என்று தனியாகக் கேளுங்கள். மூழ்கி இறந்தவரின் பெயரில் வழங்கும் பிளவுகள் உண்டு; அந்தக் குடும்பம் இன்னும் அதே ஊரில்தான் இருக்கும்.

இடத்தைப் பிடிப்பது

பெயரைச் சரியாகக் கேட்டுவிட்டு இடத்தைத் தவறாகக் குறிப்பதுதான் வரைபட வேலையில் சீரழிவு. கைபேசி தரும் அட்சரேகை, தீர்க்கரேகை டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகளாவிய ஆயத்தொலை முறையில் இருக்கும். பிரிட்டனின் தேசியக் கட்டமைப்பு ஓ.எஸ்.ஜி.பி. 36 முறையில் இருக்கிறது. மாற்றாமல் ஒன்றை மற்றொன்றாகப் போட்டால் சுமார் 100 மீட்டர் நகர்ந்துவிடும். அந்தக் கரையில் 100 மீட்டர் என்றால் அடுத்த கியோஅ. கியூஜிஐஎஸ் மென்பொருள் கேட்டால் மாற்றித் தரும். எந்த முறையில் எடுத்தது என்று அதற்கு நீங்கள் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

தேசியக் கட்டக் குறியீட்டில் ஆறு இலக்கம் என்றால் 100 மீட்டர் துல்லியம், எட்டு என்றால் 10 மீட்டர், பத்து என்றால் ஒரு மீட்டர். கரைக்கு எட்டு இலக்கம் குறைந்தபட்சம். லூயிஸின் பெரும்பகுதி ‘என்-பி’ கட்டத்தில் வரும்.

பாறை என்றால் புள்ளி போடலாம். கரையின் ஒரு நீளத்துக்கு வழங்கும் பெயரைப் புள்ளியாக்கிவிடாதீர்கள், கோடாக வரையுங்கள். எங்கிருந்து எங்கு வரை என்று கூட வந்தவரிடம் கை காட்டச் சொல்லுங்கள். “இதோ, இந்த வெள்ளைக் கல் வரைக்கும்” என்பார். அந்தக் கல்லைப் படம் எடுங்கள். போக முடியாத பாறையாக இருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தைப் பதிந்து, இரண்டு இடங்களிலிருந்து திசைகாட்டியால் கோணம் பாருங்கள். கோடுகள் வெட்டும் இடம் அதுதான். எப்படிப் பிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: ‘நின்று எடுத்தது’, ‘கோணம் பார்த்தது’, ‘வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியது’. மூன்றுக்கும் நம்பகத்தன்மை ஒன்றல்ல.

பதிவுத் தாள்

ஒரு பெயருக்கு ஒரு பதிவு, ஒரு ஆள் சொன்னதற்கு ஒரு வரி. இது மாதிரிக்காக நான் எழுதியது:

பெயர், சொன்னபடி: ஸ்கெர் நன் ரோன் (ஒலியெழுத்தில், அழுத்தக் குறியோடு)
ஒலிக்கோப்பு எண்: —
சொன்னவர்: குறியீட்டு எண் மட்டும், பிறந்த பத்தாண்டு, ஊர், அந்தக் கரையோடு அவருக்கிருந்த வேலை
வகை: தனிப்பாறை, பாதி வற்றத்தில் வெளிவரும்
எங்கிருந்து அறிந்தது: படகிலிருந்து
இடம்: கட்டக் குறியீடு, எட்டு இலக்கம், இரண்டு கோணம் பார்த்தது
பழைய வடிவங்கள்: ஆறு அங்குல வரைபடத்தில் இல்லை; கடல்வழி வரைபடத்தில் பெயரின்றிப் பாறைக்குறி மட்டும்
சொன்னவர் தந்த பொருள்: சீல்கள் வந்து படுக்கும் இடம்
பதிந்தவர் கருத்து: —
வெளியிட அனுமதி: உண்டு

கடைசிக்கு முந்தைய கட்டம் காலியாக இருப்பதைக் கவனியுங்கள். காலியாக விடலாம், தப்பே இல்லை. ‘பழைய வடிவங்கள்’ கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவதற்கும் எதுவும் எழுதாமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது பார்த்துவிட்டேன் என்பது, பின்னது பார்க்கவில்லை என்பது.

அட்டவணையை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். கேலிக்கில் உயிரெழுத்தின் மேல் வரும் சாய்கோடு நெடிலைக் காட்டுவது. அது போனால் சொல்லே மாறும். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் அவசரமாகத் திறந்து சேமித்தால் அந்த எழுத்துகள் எல்லாம் குப்பைக் குறிகளாகிவிடும். மூலக் கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள்.

எழுத்துக்கூட்டலும் பொருளும்

தலைப்பெயரை, அதாவது பதிவின் தலைப்பில் வைக்கும் பெயர் வடிவத்தை, இன்றைய முறைப்படி எழுதவேண்டிய கட்டம் இப்போதுதான் வருகிறது. கேலிக் எழுத்து முறைக்கு 1981-இல் விதிகள் வகுத்து, பிறகு திருத்தியும் இருக்கிறார்கள். அதற்கு முன் சாய்கோடு இரண்டு பக்கமும் சாயும். இன்று ஒரு பக்கம் மட்டும். பழைய மூலத்திலிருந்து எடுத்து எழுதும்போது அதில் இருக்கும்படியே எழுதுங்கள், புதுவிதியைத் தலைப்பெயருக்கு மட்டும் வையுங்கள். மொழி தெரிந்த ஒருவர் பார்த்துச் சரிசெய்யாமல் தலைப்பெயரை முடிவு செய்யாதீர்கள். ஸ்கை தீவின் சால் மோர் ஓஸ்டக் கல்லூரியை இருப்பிடமாகக் கொண்ட ‘அன்மன்-ஆட்சே ந ஹாலப’ என்ற அமைப்புதான் ஸ்காட்லாந்தின் கேலிக் இடப்பெயர்களுக்கு அதிகாரபூர்வ ஆலோசனை வழங்குவது. அவர்களது இணையத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொருள் சொல்வதில் நிதானம் வேண்டும். ‘போஅ’ என்ற அதே எழுத்துக்கூட்டலுக்கு வில் என்றும் பொருள் உண்டு. அகராதியைப் புரட்டி ‘வில்’ என்று மொழிபெயர்த்தால், கப்பலை உடைக்கும் பாறை ஆயுதமாகிவிடும். நார்ஸ் வேர் தேடுவதில் ஒரு போதை இருக்கிறது. இரண்டு வாரத்தில் எல்லாருக்கும் அது தொற்றும். இடத்தைப் பார்க்காமல் சொல்லும் வேர் எனக்கு ஏற்பில்லை. கூழாங்கல்லே இல்லாத இடத்துக்கு ‘மொல்’ என்று பொருள் சொன்னால், பெயர் இடம் மாறியிருக்கிறதா, கரை மாறியிருக்கிறதா, காது தவறிவிட்டதா என்று மூன்றையும் பாருங்கள். சொன்னவர் தந்த விளக்கம் மொழியியலாளருக்குச் சிரிப்பு மூட்டினாலும் அப்படியே எழுதுங்கள், தனிக் கட்டத்தில். அந்த ஊரில் அந்தப் பெயரை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதும் வரலாறுதான்.

சேர்த்த பிறகு

பதிவுகள் உங்கள் கணினியிலேயே கிடந்தால் பிரயோசனமில்லை. முதல் நகல் அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கு. லூயிஸில் பல ஊர்களில் இவை உண்டு, நெஸ் பகுதிச் சங்கம் 1977 முதல் இயங்குகிறது. அடுத்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் ஆவணக் காப்பகத்தை விசாரியுங்கள். இடப்பெயர்களுக்கென்றே அங்கே பழைய சேகரிப்பு இருக்கிறது. அதன் ஒலிப்பதிவுகள் பல ‘தோபர் அன் துவல்ஹஸ்’ தளத்தில் கேட்கக் கிடைக்கின்றன. உங்கள் கரையைப் பற்றி 1950-களிலோ 60-களிலோ யாராவது பேசிப் பதிந்திருந்தால் அதுவே பெரிய கொடை. வேலையைத் தொடங்கும் முன்பே ஒருமுறை தேடிவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தில் மூன்று கேள்விகள் தனித்தனியாக இருக்கட்டும்: குரலை வைத்துக்கொள்ளலாமா, குரலை இணையத்தில் போடலாமா, பெயரைச் சொல்லலாமா. ஒன்றுக்கு ‘சரி’ என்றவர் மூன்றுக்கும் ‘சரி’ என்றதாகாது. பிரிட்டனின் 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும்.

பிறகு வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, எழுத்தைப் பெரிதாக வைத்து, சொன்னவர்களின் வீட்டுக்கே எடுத்துப் போங்கள். கையில் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள். “இது அந்தப் பக்கம்” என்று ஒருவர் அம்புக்குறி போடுவார், பக்கத்தில் இருப்பவர் இல்லை என்பார். இருவர் சொன்னதும் ஒலிக்கருவியில் ஏறட்டும். ஒவ்வொன்றும் புதுப் பதிவாக, புதுத் தேதியோடு அட்டவணையில் சேரட்டும். பழைய வரியை அழிக்கவேண்டாம்.